ஆடிப் பதினெட்டுக்குள் எட்டுப் படங்கள்

ஜூலை 14, 2025, திங்கள்

வந்ததும் வராததுமாக பிரஸ் அண்ணாச்சி கூப்பிட்டார். 2026 காலண்டர் ஆல்பத்துக்குப் புதிதாக இருபத்திரண்டு டிசைன், அதில் எட்டை ஏ.ஐ.யில் முடித்துவிட வேண்டுமாம். "ஓவியர்கிட்ட கொடுத்தா படத்துக்குப் பத்து நாளு. இதுல பத்து நிமிசமாமே?" யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பத்தை வைத்துப் பூஜை போட்டாக வேண்டும். சிவகாசிக்குக் காலண்டர் சீசன் அன்றைக்குத்தான் பிறக்கிறது. இந்த வருடம் அது ஆகஸ்ட் 3. எண்ணி இருபது நாள்.

பத்து நிமிடம் என்பதும் பொய் இல்லை. முதல் பொங்கல் படம் ஒரு நிமிடத்தில் வந்து நின்றது. நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தால் அழகு. கிட்டே போனால் கரும்பு மூங்கிலாக இருக்கிறது. பானை பொங்கவில்லை, புகைகிறது. அந்தப் பெண்ணின் கழுத்தில் கருகமணி, வகிட்டில் அரை அங்குலத்துக்குக் குங்குமம். வடக்கே எங்கோ யாரோ பொங்கல் வைக்கிறார்கள்.

என்னோடு வேலை செய்யும் தம்பி 'தமிழ்ப் பெண்' என்று சேர்த்துப் பார்த்தான். தலையில் பூ கூடியது, கழுத்து மாறவில்லை. இணையத்தில் கிடக்கும் படங்களையும் அவற்றின் கீழே எழுதியிருந்ததையும் பார்த்துப் படித்த மாடல் அது. எந்தப் படம் அதிகமோ அந்தப் பக்கமே சாயும். அதனால் பெயர் சொல்வதை விட்டுவிட்டுப் பொருளைச் சொல்லத் தொடங்கினேன்: மண்பானை, விளிம்பைத் தாண்டி வழிகிற வெள்ளை நுரை, மஞ்சள் கயிற்றில் தங்கத் தாலி, நெற்றியில் சின்னப் பொட்டு. நுரை வந்தது, கயிறும் வந்தது. பானைக் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்து மட்டும் வரவே இல்லை. துளசி மாலை வந்தது, வெற்றிலை வந்தது, ஒரு தடவை கொத்தமல்லிக் கட்டே வந்தது. இருபத்தாறாவது முயற்சியில் விட்டுவிட்டேன்.

போன தைக்கு எங்கள் வீட்டு வாசலில் எடுத்த போட்டோ போனில் இருந்தது. பானையையும் கரும்பையும் அதிலிருந்து வெட்டி உட்கார வைத்தேன். உட்கார்ந்தது, ஆனால் ஒட்டவில்லை. எங்கள் வாசலில் வெயில் வலப்பக்கமிருந்து விழுகிறது, ஏ.ஐ. வாசலில் இடப்பக்கமிருந்து. வெட்டி ஒட்டுவதாக இருந்தால் போட்டோவில் நிழல் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ற பின்னணியைக் கேட்டிருக்க வேண்டும். மாற்றிச் செய்து அரை நாளைத் தொலைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

சரஸ்வதி. இன்று முழுக்க சரஸ்வதி.

நான்கு கை கேட்டால் இரண்டு கைதான் வருகிறது. எப்படிக் கேட்டாலும் இரண்டு. சாயங்காலம் நாலு மணி வரை மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் கண்ணில் பட்டது. வேண்டாதவற்றைச் சொல்லும் நெகட்டிவ் பிராம்ப்ட் பெட்டியில், எப்போதோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வரி ஒன்று இருந்தது: 'கூடுதல் விரல் வேண்டாம், கூடுதல் கை வேண்டாம், கூடுதல் கால் வேண்டாம்'. எல்லாருமே கண்ணை மூடிக்கொண்டு போடும் வரிதான். மனிதர்களுக்குச் சரி. நம் சாமிகளுக்கு அந்த வரி ஆகாது. நாள் முழுக்க நானே ஒரு பெட்டியில் கையைக் கேட்டு, இன்னொரு பெட்டியில் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வரியை எடுத்ததும் ஐந்து கை வந்தது. அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் ஆறு. எண்ணுவது இதற்கு வராது. நான்கு என்ற சொல் காதில் விழுகிறது, அவ்வளவுதான். கடைசியில் வேறு வழியில் போனேன். வீணை வாசிக்கிற இரண்டு கை சரஸ்வதியை வரவழைத்து, ஜபமாலைக் கையையும் ஓலைச்சுவடிக் கையையும் தனித்தனியாக வரவழைத்து, தோளுக்குப் பின்னால் செருகினேன். பழைய பட ஓவியர்களும் பின்னிரு கைகளைத் தோளுக்குப் பின்னாலிருந்துதான் எடுப்பார்கள். தைத்த இடம் தெரியாமல் முடியும் மாலையும் மறைத்துக்கொண்டன.

அப்புறம் வீணை. ஒரு பக்கம் சித்தார், ஒரு பக்கம் கிதார். மேல்பக்கம் இருந்த தந்தி குடத்துக்கு வருவதற்குள் காணாமல் போகிறது. வீணைக்கு மெட்டு 24, தந்தி ஏழு: வாசிக்க நான்கு, தாளத்துக்குப் பக்கத்தில் மூன்று. மாடல் போட்ட தந்திகளை மொத்தமாக அழித்துவிட்டு ஏழையும் பென் டூலில் நானே இழுத்தேன். யாளி முகத்துக்குப் பக்கத்துத் தெரு வித்வான் வீட்டு வீணையைப் போய்ப் படம் எடுத்து வந்தான் தம்பி. காலண்டர் வாங்குகிறவர்களில் யார் தந்தியை எண்ணப் போகிறார்கள் என்று கேட்டான். வாங்குகிறவர் எண்ண மாட்டார். அவர் கொடுக்கிற நூறு வீடுகளில் ஒரு வீட்டில் பாட்டு டீச்சர் இருப்பார்.

ஜூலை 16, புதன்

பொங்கல் படத்தின் பின்னால் தெருவில் நிற்கிற கூட்டத்துக்கு முகமே இல்லை. மெழுகு உருகின மாதிரி. முன்னால் நிற்கிற பெண்ணின் முகம் மட்டும் பளிச்.

இதற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்பதால் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் நேராகப் பிக்சலில் வரைவதில்லை. நீளத்தையும் அகலத்தையும் எட்டில் ஒன்றாகச் சுருக்கி, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் வரைந்துவிட்டுக் கடைசியில் விரிக்கின்றன. தூரத்து முகம் 40 பிக்சல் என்றால் அங்கே அதற்குக் கிடைப்பது ஐந்தே கட்டம். ஐந்து கட்டத்தில் கண், மூக்கு, வாயை யாரால் வரைய முடியும்? திரும்பத் திரும்ப முழுப் படத்தையும் வரவழைப்பதில் பிரயோஜனம் இல்லை. அந்த முகத்தை மட்டும் மாஸ்க் போட்டு, அந்தப் பகுதியை மட்டும் முழு அளவுக்குப் பெரிதாக்கி வரையச் சொன்னால் சரியாகிவிடும். விரலுக்கும் இதே வைத்தியம்.

ஒன்பது முகம் சரி செய்தான். பத்தாவது ஆளைத் தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டான். அதுவும் வைத்தியம்தான்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

தம்பி ஆர்வக்கோளாறில் வாழ்த்தையும் ஏ.ஐ.யிடமே எழுதச் சொல்லியிருக்கிறான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்த தமிழ் போர்டு மாதிரி ஒன்று வந்தது. வளைவெல்லாம் தமிழ், எழுத்து ஒன்றுகூடத் தமிழ் இல்லை. இன்னொரு புது மாடலில் போட்டான். அது பரவாயில்லை, 'வாழ்த்துகள்' என்பதில் ழ இருக்க வேண்டிய இடத்தில் ளவும் மவும் சேர்ந்த ஏதோ ஒன்று. முதல் பார்வையில் நானே தாண்டிப் போய்விட்டேன். கிறுக்கலைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும், பாதி சரியான எழுத்து ப்ளேட் வரை போய்விடும். எழுத்து ஒன்றுகூட ஏ.ஐ.யிடமிருந்து வரக்கூடாது என்று போர்டில் எழுதி ஒட்டினேன்.

நாமே டைப் அடித்தால் மட்டும் நிம்மதியா? புது சிஸ்டத்தில் ஃபோட்டோஷாப் 'பொங்கல்' என்பதைக் கொம்பு ஒரு பக்கம், ப ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிய்த்துப் போட்டது. டைப் செட்டிங்கில் 'வேர்ல்ட் ரெடி'க்கு மாற்றியதும் கூடிக்கொண்டது. இதற்கு ஏ.ஐ.யைத் திட்ட முடியாது.

ஜூலை 19, சனி

அளவு. இதை அண்ணாச்சிக்குப் புரிய வைக்க ஒரு மணி நேரம் ஆனது.

மாடல் கொடுத்த படம் 896க்கு 1152 பிக்சல். நம் காலண்டர் 15க்கு 20 அங்குலம். அங்குலத்துக்கு 300 என்று வைத்தால் 4500க்கு 6000 வேண்டும். இருக்கிறதை அப்படியே இழுத்தால் அங்குலத்துக்கு அறுபதுக்குக்கூடத் தேறாது. "திரையில ரொம்ப நல்லா இருக்கேம்மா?" திரை நம்மிடம் பொய் சொல்லவில்லை அண்ணாச்சி, அதற்கு அவ்வளவே போதும்.

பெரிதாக்கும் மென்பொருளில் நான்கு மடங்காக்கினால் 3584க்கு 4608. அங்குலத்துக்கு 230. 300 வரவில்லையே என்று தம்பி கவலைப்பட்டான். நம் மெஷினில் ஓட்டுவது 150 லைன் ஸ்க்ரீன், அதில் ஒன்றரை மடங்கு 225. சுவரில் தொங்கும் படத்துக்கு இது தாராளம்.

தாராளம் இல்லாதது வேறு இடத்தில் இருந்தது. பெரிதாக்குகிற மென்பொருளும் ஏ.ஐ.தான். இல்லாத விவரத்தை அது கற்பனை செய்து நிரப்புகிறது. நூறு சதவீதத்தில் வைத்து உருட்டிப் பார்த்தபோது சரஸ்வதியின் கன்னத்தில் பாம்புத்தோல் மாதிரி வலை. மல்லிகை மொட்டெல்லாம் புழுங்கல் அரிசி. புடவை ஜரிகைக்குள் புழு நெளிகிறது. சிற்பத் தூணில் மட்டும் பிரமாதமாக வேலை செய்திருந்தது. கல்லுக்கு எது சேர்த்தாலும் பொருந்தும்.

ஒரே படத்தை இரண்டு விதமாகப் பெரிதாக்கினேன். ஒன்று ஏ.ஐ.யில், ஒன்று ஃபோட்டோஷாப்பின் பழைய சாதாரண முறையில். மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து, தூண், நகை, வீணைக் குடம் இவற்றுக்குக் கூர்மையானதையும், முகம், கை, பூவுக்கு மழுங்கலானதையும் மாஸ்க்கில் எடுத்துக்கொண்டேன். இரண்டும் தனித்தனியாகத் தெரியாமல் இருக்க மேலே கொஞ்சம் கிரெயின் தூவினேன். வானத்தில் படிப்படியாக விழுந்திருந்த கோடுகளும் அந்தக் கிரெயினில் அடங்கின.

ஜூலை 22, செவ்வாய்

மெஷின் அண்ணன் மேலே ஏறி வந்தால் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

சோதனைக்கு ஐந்நூறு ஷீட் ஓட்டியிருக்கிறார். அடுக்கில் ஒரு ஷீட்டின் மை அடுத்த ஷீட்டின் முதுகில் ஒட்டுகிறது. "பவுடர் எவ்வளவு அடிச்சாலும் காய மாட்டேங்குது. என்னம்மா ஃபைல் கொடுத்திருக்க?" கறுப்புப் பின்னணியில் தங்க வெளிச்சம். ஏ.ஐ.க்கு இதன் மேல் தீராத மோகம், எதைக் கேட்டாலும் சினிமா போஸ்டர் மாதிரி இருட்டைக் கொண்டுவந்து வைக்கும். அந்த இருட்டில் ஐட்ராப்பர் வைத்துப் பார்த்தேன். சயான் 91, மெஜந்தா 79, மஞ்சள் 62, கறுப்பு 97. கூட்டினால் 329. நம் காகிதத்துக்கும் மெஷினுக்கும் 300க்கு மேல் தாங்காது. ஐரோப்பிய ப்ரொஃபைல் சிஸ்டத்தில் இருந்ததைப் பார்க்காமல் மாற்றியது நான். 300க்குள் அடங்கும் ப்ரொஃபைலில் திரும்ப மாற்றிக் கொடுத்தேன். அண்ணனிடம் மன்னிப்பும் கேட்டேன். டீ வாங்கித் தரச் சொன்னார்.

அவர் போன பிறகு இன்னொன்றைப் பார்த்தேன். முருகன் படத்தில் மயில் கழுத்து. திரையில் மின்சார நீலம், தாளில் கசங்கிய ஜீன்ஸ். அந்த நீலம் நான்கு மையில் கிடையாது, யார் தலைகீழாக நின்றாலும் வராது. தம்பி பிராம்ப்ட்டுக்குக் கட்டுப்படும் அளவை ஏழிலிருந்து பதினான்குக்கு ஏற்றி வைத்திருந்தது தனிக்கதை. அதை ஏற்றினால் படம் சொன்ன பேச்சு கேட்கும், நிறமெல்லாம் கருகிக் கத்தும். திரும்ப ஏழுக்கு இறக்கினோம். ஃபோட்டோஷாப்பில் சிஎம்ஒய்கே முன்பார்வையைப் போட்டுக்கொண்டே வேலை செய்தேன். கழுத்து நீலத்தில் மெஜந்தாவைக் குறைத்து, அதைச் சுற்றியிருந்த இறகை ஒரு படி மங்கலாக்கினேன். பக்கத்தில் இருப்பது மங்கினால் கழுத்து தானாகவே மின்னுகிறது. இது ஆர்ட்டிஸ்ட் ஐயா பல வருடத்துக்கு முன் சொன்னது.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

பாதிப் பேர் லீவு. விளக்குப் படம் ஒன்று பின்னணி இல்லாமல் வேண்டும் என்று கேட்டேன். பின்னணி இல்லை என்பதற்கு அடையாளமாக ஃபோட்டோஷாப் காட்டுமே சாம்பல், வெள்ளைக் கட்டம், அந்தக் கட்டத்தையே பின்னணியாக வரைந்து கொடுத்தது. சிரித்து முடித்துவிட்டு, வெறும் பச்சையில் கேட்டு வாங்கி, வெட்டி, ஓரத்தில் ஒட்டியிருந்த பச்சைக் கசிவை ஒரு பிக்சல் உள்ளே தள்ளி எடுத்தேன்.

அண்ணாச்சி ஒரு சந்தேகம் கேட்டார். "பக்கத்து பிரஸ்காரன் இதே படத்தைப் போட்டா நாம கேக்க முடியுமா?" 1957 காப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்த்த ஒரு பிரிவு இருக்கிறது: கணினி உருவாக்கிய படைப்புக்கு, அது உருவாகக் காரணமான ஆளே ஆசிரியர். இந்த மாதிரிப் படத்துக்கு அதை எப்படிப் படிப்பது என்பதை வக்கீலிடம் கேளுங்கள் என்றேன். கை வைத்துத் திருத்திய லேயரோடு எல்லா ஃபைலையும் தேதி போட்டு எடுத்து வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

ஜூலை 26, சனி

இன்று நடந்ததை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆண்டாள் படம் வந்தவற்றிலேயே சுத்தமானது. ஐந்து விரல், அளவான நகை, கண்ணில் ஒரு குறும்பு. மாதிரிக்கு ஒரு பழைய படத்தைக் காட்டி வரவழைத்தது என்பதால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. முகம் மட்டும் பக்கத்துக்கு வெளியே பார்த்தது. கடைப்பெயர் வரும் பட்டையைப் பார்க்கட்டும் என்று இடம் வலமாகத் திருப்பினேன். ஒரு க்ளிக். ப்ரூஃபும் எடுத்தாயிற்று.

ஆர்ட்டிஸ்ட் ஐயா வந்திருந்தார். ஃபிலிம் காலத்தில் பாஸிட்டிவில் தூரிகையால் டச்சிங் செய்தவர். கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் சீடர்களிடம் தொழில் பழகிய ஒருவரிடம் பழகியவர். ப்ரூஃபைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "மதுரை ஆர்டரா தாயி?"

"இல்லைங்க ஐயா, ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள்."

"அப்ப கிளி ஏன் வலது கையில இருக்கு? அது மீனாட்சில்ல?"

ஆண்டாளுக்குக் கிளி இடது கையில். மீனாட்சிக்கு வலது கையில். பிறந்ததிலிருந்து இரண்டு கோயிலுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். என் ஒரு க்ளிக்கில் கிளி கை மாறி, கொண்டை எதிர்ப்பக்கம் சாய்ந்து, முந்தானை தோள் மாறிவிட்டது. ஆறு விரலைத் தேடித் தேடிப் பார்த்த கண்ணுக்கு இது தெரியவில்லை. இதற்கு மாடலையும் குறை சொல்ல முடியாது, அது சரியாகத்தான் கொடுத்தது.

திரும்பப் புரட்டினேன். பட்டையை எதிர்ப்பக்கம் மாற்றியதால் படத்தில் இடம் போதவில்லை. ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில்லில் ஓரத்தை நீட்டினேன். ஒரே வீச்சில் பெரிய பகுதியைத் தேர்ந்தெடுத்தால் கலங்கலாக வந்தது. எவ்வளவு பெரிதாகக் கேட்டாலும் அது சுமார் ஆயிரம் பிக்சலில் வரைந்து இழுத்துவிட்டது. அதனால் ஆயிரம் ஆயிரமாகத் துண்டு போட்டு ஏழு தடவையில் நிரப்பினேன். திரும்ப ப்ரூஃப்.

விநாயகர் படத்தையும் எடுத்துத் தும்பிக்கை எந்தப் பக்கம் என்று பார்த்தேன். நல்லவேளை, திருப்பவில்லை. திருப்பியிருந்தால் இடம்புரி வலம்புரி ஆகியிருக்கும்.

ஜூலை 28, திங்கள். ஆடிப்பூரம்

மாவட்டத்துக்கே விடுமுறை. அம்மாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் தேர் பார்த்தேன். நல்ல வெயில், நல்ல கூட்டம். வடத்தைத் தொட முடியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவிடம் ப்ரூஃபைப் போனில் காட்டினேன். கையைச் சரியாகச் சொன்னாள், ஆனால் கிளியைப் பார்த்து முகம் சுளித்தாள். "இது நிசக் கிளில்ல? ஆண்டாளுக்கு இலையில கட்டுன கிளிதானே?" மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு, தினமும் புதிதாகக் கட்டுவார்கள். நம் படத்தில் இருப்பது பச்சை இறகும் கழுத்தில் வளையமும் வைத்த உயிருள்ள கிளி, கண்ணை வேறு சிமிட்டப் போகிறது. இலைக் கிளியைப் பிராம்ப்ட்டில் விவரித்துப் பார்ப்பதாக இல்லை. மஞ்சள் கொத்தில் கற்ற பாடம் போதும். ராத்திரியே ஐயாவுக்குப் போன் செய்தேன். மூன்று அங்குலத்தில் வரைந்து தருகிறேன் என்றார்.

ஜூலை 31, வியாழன்

ஆல்பத்தில் சேராத வேலை ஒன்று. ஒரு பலசரக்குக் கடைக்காரர் தன் கடைக் காலண்டரில் காலமான அப்பாவின் படம் வேண்டும் என்று ஒரு ஸ்டாம்ப் சைஸ் போட்டோ கொடுத்திருந்தார். கறுப்பு வெள்ளை, நடுவில் ஸ்டேப்ளர் துரு. முகத்தைச் சீராக்கும் மென்பொருளில் போட்டுப் பெரிதாக்கினேன். இமைமுடி எண்ணலாம் போல வந்தது. பெருமையாகக் காட்டினேன்.

அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்கய்யா இல்லம்மா."

பழைய போட்டோவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரியவருக்கு இடது இமை கொஞ்சம் தொங்கலாக இருந்திருக்கிறது. மென்பொருள் இரண்டு கண்ணையும் ஒன்றுபோல் ஆக்கிவிட்டது. உதட்டோரத்துத் தழும்பை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. அது பார்த்த ஆயிரக்கணக்கான முகங்களின் சராசரி ஒருவர், அவருக்கு நம் பெரியவரின் மீசை. கோட்ஃபார்மர் என்ற அந்த மென்பொருளில் மூலத்துக்கு எவ்வளவு விசுவாசம் என்று ஒரு அளவு இருக்கிறது, அதை முழுக்க ஏற்றியும் கண் திரும்பி வரவில்லை.

மென்பொருளை மூடினேன். ஸ்கேனரில் 1200இல் வைத்து எடுத்தால் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுமார் 1180 பிக்சல் தேறுகிறது. அச்சில் நாலு அங்குலத்துக்கு அது போதும். முழுப் பக்கம் கேட்டவரிடம் மேல் மூலையில் நாலு அங்குல ஓவல் தருகிறேன் என்றேன். துருக்கறையை மட்டும் கையால் எடுத்தேன். கிரெயின் அப்படியே இருக்கிறது, தொங்கல் இமையும் இருக்கிறது. இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18

பூஜை காலை ஆறரைக்கு. எட்டில் ஐந்து ஆல்பத்தில் ஏறின: பொங்கல், சரஸ்வதி, முருகன், ஆண்டாள், விநாயகர். ஜல்லிக்கட்டில் மாட்டுக்குத் திமிலே கடைசி வரை சரியாக அமையவில்லை, விட்டுவிட்டோம். கோலப் படத்தில் புள்ளிக்கும் கோட்டுக்கும் சம்பந்தமில்லை, எந்தக் கோடும் கூடவில்லை. அம்மா போட்ட கோலத்தைப் பார்த்து அடுத்த வருடம் வெக்டரில் வரைந்துகொள்ளலாம். எட்டாவது எது என்று அண்ணாச்சி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கணக்குப் போட்டால் படத்துக்கு நான்கு நாள். அண்ணாச்சியிடம் சொன்னேன். "பத்துக்கு நாலு லாபந்தானே" என்றார். மறுக்க முடியவில்லை.

மதியத்துக்குள் முதல் ஆர்டர் வந்தது. பொங்கல் படம், ஆயிரம் காப்பி. வந்தவர் பக்கத்தைப் புரட்டி நிறுத்தி, பானையைக் காட்டி, இதற்காகத்தான் எடுக்கிறேன் என்றார். நாளைக்கு ப்ளேட் போட வேண்டும். கறுப்பு 300க்குள் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஃபைலைக் கீழே அனுப்ப வேண்டும்.